வெளிச்சம் எத்தனை மீட்டர்?

மார்ச் 4, செவ்வாய்

இன்று காலை நான் குடித்தது காபி இல்லை. பிரஷ் கழுவிய தண்ணீர்.

என் டம்ளரில்தான். விளிம்பில் நசுங்கல் விழுந்த, இந்த வீட்டில் வேறு யாரும் தொடாத என் டம்ளரில் மச்சினி பிரஷ் கழுவி ஜன்னல் ஓரம் வைத்திருக்கிறாள். கண்ணாடி போடாமல் எடுத்து ஒரே மடக்கு. துப்பியதில் பனியன் முழுக்கச் சாம்பல் நிறம். "சாயந்தான் அத்தான், ஒண்ணும் ஆகாது" என்கிறாள். என் வீட்டுக்காரி கதவுக்குப் பின்னால் நின்று சிரிக்கிறாள். எனக்குக் கேட்காது என்று நினைப்பு.

கத்தக் கூடாது. போன வாரம் டாக்டர் பிரஷர் பார்த்துவிட்டு மாத்திரை எழுதிக்கொடுத்தார். கோபம் வந்தால் கத்தாமல் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள் என்றும் சொன்னார். அன்று சாயங்காலமே என் வீட்டுக்காரி நோட்டு வாங்கி வந்துவிட்டாள். அட்டையில் பூனைக்குட்டி. ஐம்பத்து நாலு வயதுக்காரனுக்குப் பூனைக்குட்டி நோட்டு.

எழுதிவிட்டேன். கோபம் போகவில்லை.

மார்ச் 5, புதன்

வீட்டில்தான் தொல்லை என்றால் நான் கட்டிங் மாஸ்டராக இருக்கும் உடுப்புக் கடையிலும் அவள்தான்.

மச்சினி, தன் புருஷன் வீட்டை விட்டு வந்து, ஆறு மாதமாக எங்கள் முன்னறையில் இருக்கிறாள். "அவ நல்லா வரைவா, உங்க முதலாளியம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று அவள் அக்கா, என் வீட்டுக்காரி, நச்சரித்தாள். சொன்னேன். முதலாளியம்மா படங்களைப் பார்த்தார், மறுநாளே சேர்த்துக்கொண்டார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான்.

முன்பெல்லாம் எனக்குக் கம்ப்யூட்டர் தாள் வரும். முன்பக்கம், பின்பக்கம், அளவு, உடம்புக்குப் பிடித்துத் தைக்கும் டாட் எங்கே, ஜிப் எங்கே எல்லாம் அதில் இருக்கும். பார்த்துப் பேட்டர்ன் போட்டு வெட்டிக் கொடுப்பேன். தையல்காரம்மாவும் அவர் ஆட்களும் தைப்பார்கள். முப்பத்தொரு வருடமாக இந்தக் கத்திரியைப் பிடிக்கிறேன். கடையில் எனக்குப் பட்டப்பெயரே கத்திரிதான். கைக்காக வைத்தார்களா வாய்க்காக வைத்தார்களா என்று கேட்டதில்லை.

இப்போது என்ன வருகிறது? மையும் நீர்வண்ணமும். அதில் ஒரு பெண். கழுத்து ஒரு முழம். கால் தொடங்குகிறது, முடிவதே இல்லை. பாதம் கிடையாது, விரல் கிடையாது. இப்படி ஒருத்தி நிஜமாகக் கடைக்கு வந்தால் நான் ஏணி போட்டு அளவெடுக்க வேண்டும்.

பன்னிரண்டு படம். பன்னிரண்டு உடுப்பு. இருபத்தெட்டாம் தேதி கொள்முதல்காரம்மா வருகிறார், நாற்பது கடைகளுக்குத் துணி எடுக்கிறவர். அன்றைக்குப் பொம்மைகளில் உடுப்பும் பக்கத்திலேயே அதன் படமும் இருக்க வேண்டுமாம்.

பதினொன்றை எப்படியோ சமாளித்துவிடுவேன். ஏழாம் நம்பர்தான். பச்சை கவுன். வலது பக்கம் பச்சை ஓடுகிறது, தேங்குகிறது, கறுக்கிறது, சரி. இடது பக்கம் தோளிலிருந்து இடுப்பு வரை இரண்டே கோடு. நடுவில் வெறும் தாள்.

"இங்க துணி எங்க?" என்று கேட்டேன்.

"அங்க வெளிச்சம் அத்தான்."

"வெளிச்சத்த எத்தனை மீட்டர் வாங்கச் சொல்லட்டும்?"

கட்டிங் அறை முழுக்கச் சிரித்தது. தையல்காரம்மா மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார். மச்சினி மட்டும் சிரிக்கவில்லை. படத்தை என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

ஜெயித்தேன். ஜெயித்த மாதிரி இல்லை. அதற்கும் அவள்மேல்தான் கோபம் வருகிறது.

மார்ச் 7, வெள்ளி

இரண்டு நாளாக அவள் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. இவள் நடுவில் நின்று இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுகிறாள்.

மார்ச் 10, திங்கள்

ஏழாம் நம்பருக்குக் காடாத் துணியில் முதல் மாதிரி வெட்டினேன். முன்பக்கம் இரண்டு டாட், இடது பக்கம் ஒரு தையல், அதில் ஜிப். ஒழுங்கான வேலை. பொம்மையில் மாட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். பாத்ரூம் திரை.

நான் சொல்லவில்லை. தையல்காரம்மா சொன்னார். "தெரை மாதிரி இருக்கே மாஸ்டர்." அவருக்கு வாயைக் கட்டத் தெரியாது. தைரியம் அப்படி.

முதலாளியம்மா வந்தார். படத்தைப் பார்த்தார், பொம்மையைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். "படத்துல இருக்கறது வரலையே மாஸ்டர்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். எல்லார் முன்னாலும் சொன்னார்.

படத்தில் இருப்பது எப்படி வரும்? படத்தில் ஒன்றுமே இல்லையே! பாதி உடுப்பை வரைந்துவிட்டு மீதியை என் தலையில் கட்டினால்? முப்பத்தொரு வருடத்தில் ஒருவர்கூட "வரலையே" என்று சொன்னதில்லை. ஒருவர்கூட.

வீட்டில் வந்து இவளிடம் புலம்பினேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றாள். தங்கச்சி பக்கம் சாய்கிறாள். சாயட்டும்.

மார்ச் 12, புதன்

இதை எழுதத்தான் வேண்டும்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு எல்லாரும் போனபின் ஏழாம் நம்பர் படத்தை மேசையில் விரித்தேன். அடிமட்டம் எடுத்தேன். தலையின் உயரத்தை அளந்து, அது உடம்புக்குள் எத்தனை முறை போகிறது என்று பார்த்தேன். ஒன்பது முறை. மனிதருக்கு ஏழரைதான். ஆக எதை எவ்வளவு குறைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டேன். போட்ட கணக்கைப் படத்தின் மேலேயே எழுதினேன். நீலப் பால்பாயின்ட் பேனா. மார்பு முப்பத்தாறு, இடுப்பு இருபத்தெட்டு, ஆர்ம்ஹோல் பதினாறு. கடைசியில் இடது பக்கத்து வெற்றிடத்தில், தோளிலிருந்து இடுப்பு வரை, அடிமட்டம் வைத்து ஒரு தையல் கோடு இழுத்தேன். அழுத்தி.

எனக்கு வரும் தாளில் நான் எழுதுவேன். எப்போதும் எழுதுவேன். கட்டிங் மாஸ்டருக்குத் தாள் என்பது எழுதத்தான்.

மச்சினி திரும்பி வந்து பார்த்தாள். படத்தின் ஓரத்தை இரண்டு விரலால் தூக்கிப் பின்பக்கம் பார்த்தாள். பேனா அழுத்தம் பின்னால் புடைத்திருந்தது. அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டாள். திட்டியிருக்கலாம். நாலு வார்த்தை கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், கணக்குத் தீர்ந்திருக்கும். இப்படி ஒன்றும் சொல்லாமல் போனால் என்ன அர்த்தம்?

நகல் என்று நினைத்தேன் என்று தையல்காரம்மாவிடம் சொன்னேன்.

பொய். அசல் என்று தெரியும். தாள் தடிமன். தண்ணீர் குடித்துக் காய்ந்த தாள் மேலும் கீழுமாக லேசாக வளைந்திருந்தது. துணியை விரலால் தொட்டே நூல் எண்ணம் சொல்கிற ஆள் நான். எனக்குத் தெரியாதா? தெரியும். கை நிற்கவில்லை. அவ்வளவுதான்.

மார்ச் 13, வியாழன்

முதலாளியம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. என்னைத் திட்டுவார் என்று தயாராக நின்றேன். அவளைத் திட்டினார். "அவர் எழுதத்தான் செய்வார், அது அவர் பழக்கம். நீ ஏன் அசலக் கொண்டுபோய் அங்க வச்சே?"

நகல் எடுத்தால் பச்சை செத்துப்போகிறது, மாஸ்டர் சரியான பச்சையைப் பார்க்கட்டும் என்றுதான் அசலைக் கொடுத்தேன் என்று சொன்னாள். நான் பக்கத்திலேயே தையல் சாக்பீஸைச் சீவிக்கொண்டு நின்றேன். அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடா வந்தது பார், அதை நினைத்தால் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

சாயங்காலம் இவள் என்னைப் பிடித்துக்கொண்டாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"இருவத்தெட்டாம் தேதி அந்தம்மாவுக்குப் படம் பிடிக்கலன்னா அடுத்த சீசனுக்குக் கம்ப்யூட்டரே போதும்னு உங்க முதலாளியம்மா சொல்லிட்டாங்களாம். வேல போச்சுன்னா இவ எங்க போவா? திரும்ப அங்கதான் போகணும்."

இங்கேயே இருக்கட்டுமே என்றேன். எத்தனை நாளைக்கு அக்கா வீட்டு முன்னறையில் இருப்பாள் என்று கேட்டாள். பிறகு எனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னாள். மச்சினி ஏன் வந்தாள் என்று. ஒரு நாள் அவள் கடைக்குப் போயிருந்தபோது அவள் புருஷன் அவள் வரைந்து வைத்திருந்ததையெல்லாம் அள்ளித் தண்ணீர்த் தொட்டியில் போட்டிருக்கிறான். எட்டு வருடத்துப் படம். வீட்டில் இடத்தை அடைக்கிறதாம்.

அந்தப் பயலை அடிக்கணும் போல இருந்தது.

அப்புறந்தான் உறைச்சது. நான் என்ன செஞ்சேன்? அவன் தண்ணி. நான் பேனா.

மார்ச் 14, வெள்ளி

பிரஷர் மாத்திரை இரண்டாவது போடலாமா என்று கேட்டேன். இவள் டப்பாவை ஒளித்து வைத்துவிட்டாள்.

மார்ச் 15, சனி

விடுமுறை. காலை ஏழு மணிக்கே முன்னறையில் மேசையை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு அவள் ஏழாம் நம்பரை மறுபடி வரைய உட்கார்ந்தாள். நான் பேப்பர் படிக்கிற மாதிரி வாசல் ஓரம் உட்கார்ந்தேன். அவள் வரைந்து நான் பார்த்ததே இல்லை. ஆறு மாதம் ஒரே வீட்டில்.

பென்சிலில் நாலைந்து கோடு, ஊதினால் போய்விடும் போல. பிறகு வெறும் தண்ணீரைப் பிரஷால் தாளில் தடவுகிறாள். எல்லா இடத்திலும் இல்லை. துணி மடியும் இடத்தில் மட்டும். அந்த ஈரத்தில் பச்சையைத் தொட்டு வைக்கிறாள். அது தானாக ஓடுகிறது. தாளை ஒரு பக்கம் தூக்குகிறாள், பச்சை கீழே இறங்கித் தேங்குகிறது. காயும் வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறாள். கடைசியில் பேனா முள்ளை மையில் தொட்டு, மூச்சைப் பிடித்து, தோளிலிருந்து கீழே ஒரே இழுப்பு. இழுக்கும்போதே அழுத்தம் கூடுகிறது. கோடு மயிரிழையில் தொடங்கித் தடித்துக்கொண்டே போகிறது. திருத்த முடியாது. அழிக்க முடியாது. விலை உயர்ந்த பட்டில் நான் முதல் வெட்டுப் போடும்போது எனக்கும் மூச்சு அப்படித்தான் நிற்கும்.

முடித்தாள், பார்த்தாள், கீழே போட்டாள். அடுத்த தாள். அதுவும் கீழே. பதினொரு மணிக்குள் ஏழு தாள் கிடந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"நல்லாத்தான இருக்கு. ஏன் போடுற?"

பத்து நாளில் நான் பேசிய முதல் பேச்சு.

"இது துணி இல்ல அத்தான்" என்றாள். "இது வெறும் பச்சை."

கோபம் வந்தது. பேப்பரை விசிறிவிட்டு எழுந்தேன். கீழே கிடந்ததில் ஒன்றை எடுத்தேன், உள்ளே போய், பேட்டர்னுக்காக என் பையில் போட்டு வந்திருந்த அசலை, நான் கிறுக்கிய அசலை, எடுத்து வந்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். என்னதான் வித்தியாசம் என்று காட்டு பார்க்கலாம் என்று அவளிடம் கேட்க வாயைத் திறந்தேன். கேட்கவில்லை. தெரிந்துவிட்டது.

கீழே கிடந்ததில் பச்சை இருந்தது. அசலில் கனம் இருந்தது. இடது தோளில் கோடு மெலிசு, ஏனென்றால் அங்கே துணி இழுபட்டு நிற்கிறது. இடுப்பில் கோடு தடிப்பு, ஏனென்றால் அத்தனை துணியின் கனமும் வந்து அங்கே உட்காருகிறது. நடுவில் வெறும் தாள். ஏன் வெறும் தாள்? அங்கே மடிப்பு இல்லை. மடிப்பு இருந்தால் நிழல் விழும், நிழல் விழுந்தால் பச்சை வேண்டும். டாட் இல்லை, தையல் இல்லை, ஜிப் இல்லை. துணி உடம்பில் ஒட்டி, இழுத்து, தோளிலிருந்து தொங்குகிறது. அப்படித் தொங்க வேண்டுமானால் நேர் நூலில் வெட்டினால் வராது. மூலைக்கு மூலை சாய்த்து, கிராஸில் வெட்ட வேண்டும். ஒரே துண்டு.

எல்லாம் அந்தப் படத்திலேயே இருந்தது. அளவுத் தாளில் எழுதி வைத்த மாதிரி இருந்தது. எனக்குப் படிக்கத் தெரியவில்லை. படிக்கத் தெரியாதவன் அதன் மேலே எழுதியிருக்கிறேன். எங்கே தையலே வரக் கூடாதோ மிகச் சரியாக அங்கே, அடிமட்டம் வைத்து, தையல் கோடு.

"கிராஸ் கட்டிங்கா?" என்று கேட்டேன்.

தலையை ஆட்டினாள்.

"இத ஏன் அன்னைக்கே சொல்லல?"

"நீங்க கேக்கலையே அத்தான். எத்தனை மீட்டர்னுதான கேட்டீங்க."

எழுந்து வெளியே போய்விட்டேன். தெருமுனை வரை நடந்தேன், திரும்பி வந்தேன், மறுபடி நடந்தேன். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் இவ்வளவு கோபம் எனக்கு வந்ததே இல்லை.

சாயங்காலம் எண்ணினேன். பதினாலு தாள். ஒன்றுகூட அது இல்லை. "அந்தத் தண்ணி அன்னைக்கு அப்படி ஓடுச்சு, இன்னைக்கு ஓடல" என்றாள். அழவில்லை. பிரஷ்களைக் கழுவினாள். என் டம்ளரில்தான். நான் விளக்கைப் போட்டுக் கொடுத்தேன்.

மார்ச் 18, செவ்வாய்

ஏழாம் நம்பரைப் பிரித்துப் போட்டுப் புதிதாக வெட்டினேன். ஒரே துண்டு. தோளில் பிடித்து, முதுகைச் சுற்றி, வலது பக்கம் சேருகிறது. தைத்து முடித்ததும் பொம்மையில் தொங்கவிட்டேன். கிராஸில் வெட்டிய துணி தன் கனத்தில் தானாக இறங்கும். இரண்டு நாள் விட்டுவிட்டுத்தான் அடி ஓரத்தை மடித்துத் தைக்க வேண்டும். இன்றைக்கே மடி என்றார் முதலாளியம்மா. முடியாது என்றேன். தேதி நெருங்குகிறதே என்றார். துணிக்குத் தேதி தெரியாது மேடம் என்றேன்.

மார்ச் 20, வியாழன்

ஒரு பக்கம் இரண்டு விரற்கடை இறங்கியிருக்கிறது. படத்தில் அடி ஓரம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அவள் கை பிசகியது என்று நினைத்திருந்தேன்.

மார்ச் 21, வெள்ளி

கத்திவிட்டேன். பூனைக்குட்டி நோட்டு பையில்தான் இருந்தது, எடுக்கத் தோன்றவில்லை.

முதலாளியம்மா ஏழாம் நம்பர் படத்தை, முன்பு தாள் போட்டுக் கொடுத்த கம்ப்யூட்டர்காரரிடம் கொடுத்து, என் நீலப் பேனாவை எடுக்கச் சொல்லியிருக்கிறார். சொல்லாமல் கொள்ளாமல். அவர் எடுத்துவிட்டார். எடுத்த கையோடு எல்லாவற்றையும் "சுத்தம்" செய்துவிட்டார். தடித்த கோடு, மெலிந்த கோடு எல்லாம் ஒரே கோடு. பச்சை தேங்கியிருந்த இடம் கறை மாதிரி இருக்கிறது என்று சமப்படுத்தியாகிவிட்டது. காலுக்குப் பாதம் வைத்தாயிற்று. கைக்கு ஐந்து விரல், நகச்சாயத்தோடு. இடது பக்கம் காலியாக இருக்கிறதே என்று அங்கேயும் பச்சை பூசிவிட்டார். பெரிய அச்சாக எடுத்து, கண்ணாடி போட்டுக் கொண்டுவந்து சாய்த்து வைத்தார்கள். "பளிச்சுனு இருக்கு, இல்ல மாஸ்டர்?"

எனக்குக் கண்ணை மறைச்சுது. "யாரக் கேட்டு இங்க துணியப் போட்டீங்க?" என்று கத்தினேன். "இங்க துணி கெடையாது. இங்க வெளிச்சம். வெளிச்சத்த எடுத்துட்டு ஒரு திரையப் போட்டு வச்சிருக்கீங்க!"

மெஷின் எல்லாம் நின்றுவிட்டது.

தையல்காரம்மா மட்டும் கேட்டார். "எத்தனை மீட்டர் மாஸ்டர்?"

அறை முழுக்கச் சிரித்தது. இந்த முறை மச்சினியும் சிரித்தாள். வாயில் கை வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர. ஆறு மாதத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது இதுதான் முதல்.

ஆனாலும் அச்சுதான் வைக்கப் போகிறார்கள். முதலாளியம்மா தீர்மானித்துவிட்டார். "அசல நீங்கதான கெடுத்தீங்க. வேற என்ன வழின்னு நீங்களே சொல்லுங்க" என்றார். என் பேனாவுக்கு நானே என்ன வழி சொல்வது?

மார்ச் 25, செவ்வாய்

அவள் இன்னும் ஆறு தாள் முயன்றாள். வரவில்லை. "போதும் அத்தான்" என்று மேசையைத் துடைத்தாள். அவள் துணிகளை இவள் மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். ஏன் இப்போதே என்று கேட்டேன். "சும்மா ஒதுங்க வைக்கிறா" என்றாள் இவள், என் முகத்தைப் பார்க்காமல்.

மார்ச் 28, வெள்ளி

மற்றவர்கள் வருமுன் ஏழரைக்கே போய்விட்டேன். என் சாவியில் திறந்தேன். கண்ணாடி போட்ட அச்சை எடுத்துச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். அந்த இடத்தில், கம்ப்யூட்டர்காரர் திருப்பிக் கொடுத்திருந்த அசலை வைத்தேன். நீலக் கோடு, முப்பத்தாறு, இருபத்தெட்டு, பதினாறு எல்லாவற்றோடும். கெட்டுப்போனாலும் அது துணி. அச்சு வெறும் பச்சை.

கொள்முதல்காரம்மா பத்து மணிக்கு வந்தார். வயதானவர், கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தார். ஒவ்வொன்றிலும் முதலில் படத்தைப் பார்த்தார், பிறகு உடுப்பை. ஏழாம் நம்பரில் நின்றார். முதலாளியம்மா அப்போதுதான் பார்த்தார். முகம் வெளுத்தது. என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

"இது யார் எழுத்து?" என்று கேட்டார் வந்தவர்.

மச்சினி வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன்.

"என்னோடது. இவங்க வரஞ்ச படம். இதப் படிக்கத் தெரியாம நான் எழுதிட்டேன். அந்தக் கோடு அங்க இருக்கக் கூடாது."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொம்மையின் இடது பக்கம் போனார். அக்குளிலிருந்து இடுப்பு வரை விரலால் தடவினார். தையல் தேடுகிறார் என்று தெரிந்தது. இல்லை. திரும்பிப் படத்தைப் பார்த்தார், அந்த வெற்றிடத்தை மட்டும். ரொம்ப நேரம்.

ஐந்து உடுப்பு எடுத்துக்கொண்டார். ஏழாம் நம்பரை எடுக்கவில்லை. "இது ஒண்ணு தைக்கலாம், ஆயிரம் தைக்க முடியாது" என்றார். உண்மை. உண்மையாக இருந்தால் மட்டும் கோபம் வராதா? இரண்டு நாள் அதைத் தொங்கவிட்டுக் காவல் காத்தவன் நான்.

அவர் கார் போனதும் முதலாளியம்மா கூப்பிட்டார். அச்சை எடுத்ததற்கு என்னை ஒரு பாட்டம் திட்டினார். வாங்கிக்கொண்டேன். பிறகு, படம் நல்லாத்தான் இருக்கிறது, ஆனாலும் வேலைக்கு லாயக்கில்லை, அடுத்த சீசன் பழைய மாதிரி கம்ப்யூட்டர் தாளே வரட்டும் என்றார். மச்சினி தலையை ஆட்டினாள். குட்டக் குட்டக் குனிகிறவள்.

"கம்ப்யூட்டர் தாள்ல டாட் எங்கன்னு இருக்கும் மேடம்" என்றேன். "துணி எப்படி விழும்னு இருக்காது. இவங்க படத்துல இருக்கு. எனக்கு இதுதான் வேணும். அந்தத் தாள் வந்தா வேற மாஸ்டர் பாத்துக்கோங்க."

கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னேன். அதனால்தான் பயந்துபோனார்கள்.

ஒரு சீசன் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார். ஒரே ஒரு சீசன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது மச்சினியிடம் மன்னிப்புக் கேட்டேன். தெருவில், நடந்துகொண்டே, எதிரில் வந்த சைக்கிளைப் பார்த்துக்கொண்டு. "ம்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

ஏப்ரல் 9, புதன்

பிரஷர் குறைந்திருக்கிறதாம். நோட்டு எழுதுகிறீர்களா என்று டாக்டர் கேட்டார். அவ்வப்போது என்றேன்.

புதுப் படங்கள் மூன்று வந்தன. ஒவ்வொன்றின் மேலும் மெல்லிய டிரேசிங் தாள் ஒட்டி, மூலையில் பென்சிலில் "அத்தான், இதுல எழுதுங்க" என்று போட்டிருக்கிறாள். குத்தலா? குத்தல்தான். முதலில் டிரேசிங் தாளைத் தூக்கிவிட்டுப் படத்தை மட்டும் பார்க்கிறேன். பேனாவை அதுவரை பையிலிருந்து எடுப்பதில்லை.

ஏப்ரல் 16, புதன்

ஏழாம் நம்பர் அசலை எனக்கே கொடுத்துவிட்டாள். சட்டம் போட்டு, கட்டிங் மேசைக்கு எதிர்ச் சுவரில் அவளே ஆணி அடித்து மாட்டினாள். அந்த நீலக் கோட்டை மட்டும் ஏதாவது செய்து எடுக்க முடியாதா என்று கேட்டேன்.

"இருக்கட்டும் அத்தான்" என்றாள்.

மன்னித்தாளா, தண்டித்தாளா? இன்னும் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருக்கிறது.

மே 5, திங்கள்

நேற்று மச்சினி தனி அறைக்குக் குடிபோனாள். இரண்டு தெரு தள்ளி, மாடியில். பெரிய ஜன்னல் ஒன்று இருக்கிறது, வெயில் நேராக விழாத பக்கம். மேசையை நானும் இவளும் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனோம். திருப்பத்தில் படியில் இடித்துக்கொண்டதற்கு இவளை ஒரு கத்து கத்தினேன். இவளும் பதிலுக்குக் கத்தினாள். மேலே நின்று மச்சினி சிரித்தாள்.

இன்று காலை முகம் கழுவிவிட்டு வந்தேன். பழக்கத்தில் டம்ளரை எடுத்ததும் முகர்ந்து பார்த்தேன். காபிதான். ஜன்னல் ஓரம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. அலமாரியில் எல்லா டம்ளரும் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது, ஒன்றில்கூடச் சாயம் இல்லை.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது.